காண்ட்டின் அறக்கோட்பாடு: ஒரு திறனாய்வு

அறத்திற்குப் பகுத்தறிவே அடிப்படை என ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் வாதிட்டார். ஒருவர் தம் செயலுக்குரிய விதியை எல்லோருக்கும் பொதுவிதியாக்க விரும்ப முடியுமா என்பதே அவர் வகுத்த சோதனை. திருப்பித் தரும் எண்ணமின்றி வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குவது இதில் தோற்கும். எல்லோரும் அவ்வாறு செய்தால் வாக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டில் ஒளிந்துள்ள நண்பனைக் கொல்ல வந்தவன் கேட்டாலும் பொய் கூறலாகாது என்று 1797இல் காண்ட் எழுதினார். இங்கே கோட்பாட்டின் குறை தெரிகிறது. 'பொய் சொல்லலாம்' என்ற விதி சோதனையில் தோற்கும். 'கொலையைத் தடுக்கப் பொய் சொல்லலாம்' என்பது தோற்க வேண்டியதில்லை. இரண்டில் எதைச் சோதிப்பது எனச் சோதனை சொல்வதில்லை. அதைத் தேர்ந்தெடுக்க உயிரின் அருமையை உணரும் உள்ளமும் வேண்டும். தனக்கு மட்டும் விலக்குத் தேடுபவரைப் பகுத்தறிவு அடையாளம் காட்டும். அறம் முழுவதையும் அது தனியே தாங்காது.