சுரம் இருக்கிறது, தாளம் எங்கே?

குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். பல்லவ கிரந்தத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்காய் அடுக்கிய சுரங்கள். ர, ரி, ரு, ரெ என்று ஒரே சுரம் உயிர் மாறி மாறி வருகிறது. அது எதற்கென்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தாளக் குறி கிடையாது. பதிவு பத்திரமாய் இருக்கிறது, பாட்டுதான் நம் கைக்கு வரவில்லை.

பழைய ஆலைகளை லேசரால் அளந்து மெய்நிகர் உலகில் எழுப்பிக் காட்டும் முயற்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாறை நினைவுக்கு வருகிறது.

அந்த முயற்சியின் அருமையைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கருவி வீசும் ஒளி பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் கணக்காகிறது. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, சில மில்லிமீட்டர் துல்லியத்தில் கட்டடம் கணினியில் எழுகிறது. சுவரைத் தொட வேண்டியதில்லை. ஈரத்தாள் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவிக் கல்வெட்டைப் படியெடுத்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். நாகசாகி கப்பல் தளத்தில் 1909இல் நிறுவிய ராட்சதப் பாரந்தூக்கியை ‘ஸ்காட்டிஷ் டென்’ குழு இப்படித்தான் அளந்தது. 2011இல் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணற்றையும் அதே குழு அளந்தது.

சரி, சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை, ஜனங்கள் வாயில் பின்னி மில்லை, அப்படி அளந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தூண்களின் இடைவெளி, கூரையின் சாய்வு, வாசற்கதவின் அகலம். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். மதியச் சோற்றுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. வாசலின் அகலம் லேசரில் விழும். அந்த வாசலில் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு ஓடியவனின் அவசரம் விழாது. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடப்பவர் மூக்கில் பஞ்சுத் தூசி ஏறாது, காதைத் தறி அடைக்காது. இடிந்த பகுதிகளை வடிவமைப்பாளர் ஊகித்து நிரப்பியிருந்தால், எது அளந்தது, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. இதை நான் சிறு குறையாக நினைக்கவில்லை.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. ‘அதுதான் அளந்து வைத்தாயிற்றே’ என்ற சமாதானம், இடிப்பதற்குக் கொடுக்கும் அனுமதியாகிவிடும். அளந்ததாவது நிலைக்குமா? 1986இல் பிபிசி லேசர் தட்டுகளில் தொகுத்த டூம்ஸ்டே பதிவை, ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில், படிக்கும் கருவி கிடைக்காமல் பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் தந்த, 1086ஆம் ஆண்டின் மூல டூம்ஸ்டே ஏட்டை இன்றும் விரித்துப் படிக்கலாம். குடுமியான்மலைப் பாறைக்கு மின்சாரமும் வேண்டாம்.

ஆலைகளை அளக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பின்னி மில் 1996இல் மூடியது. அங்கே கடைசியாய் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கே இப்போது ஏறத்தாழ ஐம்பது வயதாகியிருக்கும். லேசர் கருவி வாங்கப் பணம் திரட்டுகிறவர்கள், முதலில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.