பாடியவன் பெயர் எங்கே?

வயலிலும் களத்துமேட்டிலும் பிறந்த நாட்டுப்புறப் பாடலை இரவு விடுதி மேடையில் ஏற்றலாமா? அப்படி ஏற்றினால் அதன் தூய்மை கெடாதா? இசையார்வலர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. இவ்வினாவோடுதான் அமெரிக்க மூவர் குழுவான ‘கிங்ஸ்டன் ட்ரியோ’வின் இசைத்தட்டு ஒன்றை நாம் கேட்டோம். சான் பிரான்சிஸ்கோ நகரின் ‘ஹங்ரி ஐ’ என்னும் இரவு விடுதியில் 1958 ஆகஸ்டில் இரசிகர் முன்னிலையில் பதிவு செய்யப்பெற்று, 1959 சனவரியில் வெளிவந்தது அது.

நிலவறையில் அமைந்த சிறு அரங்கு, செங்கற்சுவரே பின்திரை. டேவ் கார்ட், பாப் ஷேன், நிக் ரேனால்ட்ஸ் மூவரும் கிதாரும் பான்ஜோவும் இசைத்துப் பாடுகின்றனர். இடையிடையே கேலி, சிரிப்பொலி, கைதட்டல். ஒலிப்பதிவுக் கூடத்தில் பலமுறை பாடித் திருத்திய பாடலில் காணவியலாத உயிர்ப்பு இதில் இருக்கிறது. கேட்போரும் பாடலில் பங்கேற்பதே நாட்டுப்புற இசையின் இயல்பன்றோ! கறுப்பின மக்களின் பக்திப் பாடலான ‘புனிதர்களின் அணிவகுப்பு’ம் இத்தட்டில் உண்டு. விடுதியில் ஒலித்ததாலேயே ஒரு பாடல் தீட்டுப்பட்டுவிடாது என்பதே நம் கருத்து.

குறை வேறோரிடத்தில் உள்ளது. இத்தட்டில் ‘விமோவே’ என்றொரு பாடல் வருகிறது. ஆப்பிரிக்காவின் பழம்பாடல் என்றே பலரும் அதனை எண்ணியிருந்தனர். உண்மையில், சாலமன் லிண்டா என்னும் சூலு இனத் தொழிலாளி 1939-இல் ஜொகானஸ்பர்க்கில் தம் குழுவினருடன் பாடிப் பதிவு செய்த பாடல் அது. ‘ம்பூபே’, அதாவது சிங்கம், என்பதே அதன் பெயர். பல்லவியைக் கேட்டெழுதிய அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் செவியில் ‘உயிம்பூபே’ என்ற சொல் ‘விமோவே’ என விழுந்தது. லிண்டா பெற்றதோ பத்து ஷில்லிங் என்பர். அப்பாடல் பல வடிவங்களில் உலகைச் சுற்றிப் பெரும்பொருள் ஈட்டியது. அவர் 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய புதல்வியர் தொடுத்த வழக்கு 2006-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது.

அம்மூவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. ‘நாட்டுப்பாடல்’ என்னும் சொல்லிலேயே பதுங்கியுள்ள ஆபத்தைத்தான் சுட்டுகிறோம். ஊருக்குப் பொது என்று கூறி, ஒரு மனிதரின் படைப்பை ஆளற்ற சொத்தாக்கிவிடும் ஆபத்து அது.

இதற்கு மறுதலையான சான்று நம் புதுவையிலேயே உண்டு. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2016-இல் மறைந்த முனைவர் கே.ஏ. குணசேகரன் மேடைதோறும் ‘மனுசங்கடா’ பாடலை முழங்கினார். ஒடுக்கப்பட்டோர் அதனைத் தம் சொந்தக் குரலாகவே ஏற்றனர். ஆயினும் இயற்றியவர் கவிஞர் இன்குலாப் என்பது மறைந்துபோகவில்லை. மக்கள் பாடலாவதற்கு ஆக்கியவன் பெயரைப் பலியிட வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று நம் திருவிழாக்களில் பறை முழங்குகிறது, கும்மிப்பாட்டு ஒலிக்கிறது. பலர் கைப்பேசியில் பதிவு செய்து பகிர்ந்து மகிழ்கின்றனர். அழைப்பிதழில் மறையுரையாற்றுவோர் பெயர் அச்சாகிறது, உபயகாரர் பெயரும் அச்சாகிறது. கலைஞர்களுக்கோ ‘பறையாட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லே கிடைக்கிறது. அடுத்த அழைப்பிதழ் அச்சகத்திற்குச் செல்லுமுன் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுவோம். உரிய கூலியையும் குறைவின்றி அளிப்போம். இசையை நேசிப்பதாகச் சொல்லும் நமக்கு இது கடமை, கருணையன்று.