ஆண்டு மலர் செய்த மென்பொருள்கள்: எது தேறியது, எது திணறியது?

எங்கள் கல்லூரி ஆண்டு மலரை இந்த முறை மாணவர் குழுவே தட்டச்சில் தொடங்கி அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் வரை செய்து முடித்தது. பொறுப்பாசிரியராகப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு, மலரின் கட்டுரைகளைவிட அதைச் செய்த கருவிகளைப் பற்றி எழுதத்தான் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு இதே வேலையில் இறங்கப்போகும் கல்லூரிக்கோ பள்ளிக்கோ பயன்படும்.

மலர் ஏ4 அளவு, 64 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் நாலு ஃபாரம். மூன்று ஃபாரம் மேப்லித்தோ தாளில் கறுப்பு வெள்ளை, நடுவில் ஒன்று மட்டும் ஆர்ட் பேப்பரில் மல்டிகலர். கைவசம் இருந்தவை துறையின் கணினி ஆய்வகம், மாணவர்களின் கைபேசிகள், காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இன்றைக்கு எந்தக் கருவியும் மோசமில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேலை கைமாறும் இடத்தில்தான் எழுத்து உடைகிறது, படம் மங்குகிறது, நிறம் மாறுகிறது. ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றே: இதிலிருந்து வெளியே வருவது அடுத்த கருவிக்குள் சேதாரமில்லாமல் போகிறதா?

தட்டச்சு: பாமினியும் யூனிகோடும்

மாணவர்கள் கைபேசியில் அடித்து அனுப்பியவை எல்லாம் யூனிகோடு. அவற்றில் சிக்கலே இல்லை. பேராசிரியர்கள் சிலர் வழக்கமான டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கியவை பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அரைப்புள்ளிகள் கொட்டிக் கிடக்கக் காரணம், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாற்றிக் கொடுக்கும் இலவச நிரல்கள் நிறைய உண்டு. பாமினியை ஒட்டினால் நொடியில் யூனிகோடு வந்துவிடும். ஆனால் கட்டுரைக்குள் ஆங்கிலத்தில் இருக்கும் பட்டப்பெயர், மின்னஞ்சல் முகவரி, வேதியியல் வாய்பாடு எல்லாவற்றையும் அது பாமினி என்றே நினைத்துத் தமிழாக்கிவிடும். பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டிய முனைவர் பட்டம் அர்த்தமில்லாத நாலு எழுத்தாக நிற்கும். மாற்றிய கட்டுரையை மூலத்தின் அச்சுப் படியோடு ஒருவர் வரிக்கு வரி ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது எடுபடாத இடங்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. அடுத்த சுற்றறிக்கையில் ‘யூனிகோடில் மட்டும் அனுப்பவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை குறையும்.

கணினியில் அடிப்பவர்களுக்கு என் சிபாரிசு தமிழ்99 விசைப்பலகை. சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவு அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் வரும். ‘ம’ விசையை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஆங்கில ஒலிப்பை வைத்து அடித்துப் பழகிய கைக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். நீளமான கட்டுரை அடிக்கும்போது அருமை தெரியும்.

குரல் தட்டச்சு

கேன்டீன் அக்காவின் பேட்டியைக் கைபேசியில் பதிவு செய்து வந்தார்கள் இரண்டு மாணவிகள். அதை எழுத்தாக்கக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சைப் பயன்படுத்தினோம். பதிவை ஒலிக்கவிட்டு எழுதச் சொன்னால் பாத்திரச் சத்தத்தில் தடுமாறுகிறது. ஒருவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேட்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல எழுதவிட்டால் நன்றாக வருகிறது. தமிழில் நிறுத்தக்குறி எதுவும் போடாது. நாலு நிமிடப் பேச்சு ஒரே மூச்சாக நிற்கும். ‘வந்துட்டாங்க’, ‘சொல்லிட்டேன்’ போன்ற பேச்சு வழக்குகளைச் சில சமயம் அப்படியே எழுதும், சில சமயம் எழுத்து வழக்குக்கு இழுக்கும். அக்காவின் பேச்சு அக்காவின் பேச்சாகவே வர வேண்டுமென்றால் பதிவை இன்னொரு தடவை கேட்டுத் திருத்தத்தான் வேண்டும். அப்படிப் பார்த்தாலும் வேலை பாதியாகக் குறைந்தது உண்மை.

படம்: வாட்ஸ்அப் வழியே வேண்டாம்

சாதாரணக் கைபேசி கேமராவே 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறது. 4000க்கு 3000 புள்ளி. ஏ4 தாளின் முழு அகலத்துக்கு 300 டிபிஐ தரத்தில் அச்சிடச் சுமார் 2480 புள்ளி போதும். ஆகவே கேமரா போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. அதை அச்சில் போட்டால் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் இழுக்க முடியாது. திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சில் வகுப்புக் குழுப்படத்தின் கடைசி வரிசை முகங்கள் எல்லாம் ஒரே சாயலாகிவிடும். சம்பந்தப்பட்ட பெற்றோர் சும்மா விடமாட்டார்கள்.

தீர்வு சுலபம். படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். அதைவிட நல்லது, துறைவாரியாகக் கூகுள் டிரைவில் ஓர் அடைவு வைத்து நேரடியாக ஏற்றச் சொல்வது. வெளிச்சம் சரிசெய்ய, கோணலை நிமிர்த்த ஸ்னாப்சீட் போதும். அழகூட்டும் ஃபில்டர்களுக்குத் தடை போட்டோம். கறுப்பு வெள்ளை அச்சில் அவை முகத்தை மாவு பூசியதுபோல் ஆக்கிவிடுகின்றன.

பக்க வடிவமைப்பு: கேன்வாவா, ஸ்கிரைபஸா?

இந்த விமர்சனத்தின் நடுமையம் இதுதான். மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கேன்வா தண்ணி பட்ட பாடு. கலை விழா போஸ்டர் முதல் பிறந்தநாள் வாழ்த்து வரை அதில்தான் செய்கிறார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் வேலை செய்யலாம், வார்ப்புருக்கள் ஏராளம், தமிழ் எழுத்தும் உடையாமல் வரும். அட்டைக்கும் வண்ண ஃபாரத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம்.

கறுப்பு வெள்ளைப் பக்கங்களில்தான் அது திணறியது. முதல் காரணம், எழுத்துப் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. மூன்று பக்கக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பத்தியை வெட்டினால், மீதியை அடுத்தடுத்த பெட்டிகளுக்குக் கையால் வெட்டி ஒட்டி நகர்த்த வேண்டும். இரண்டாவது காரணம் நிறம். கேன்வாவின் இலவசக் கணக்கு தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும். அச்சுக்குரிய சிஎம்ஒய்கே வேண்டுமென்றால் கட்டணக் கணக்கு வேண்டும். அச்சகத்தில் அதை மாற்றும்போது கறுப்பு எழுத்துகூட நாலு மையின் கலவையாகிவிடலாம். வண்ண ஃபாரத்தில் நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் 10 புள்ளி எழுத்தின் ஓரத்தில் நீலமோ சிவப்போ கசியும். ‘ஞ’, ‘ண’, ‘ஜ’ போன்ற சுழி எழுத்துகளில் பளிச்சென்று தெரியும். எனவே வண்ணப் பக்கங்களிலும் பெரிய தலைப்பு, படம் இரண்டை மட்டுமே கேன்வாவில் செய்து, பட விளக்கங்களை வேறு இடத்தில் சேர்த்தோம்.

அந்த வேறு இடம் ஸ்கிரைபஸ். கட்டற்ற மென்பொருள், காசில்லை, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பழைய நிலைப் பதிப்புகளில் தமிழ் உடைந்து வந்ததால் இங்கே அதற்கு நல்ல பெயர் இல்லை. 1.5.3 சோதனைப் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலைச் சேர்த்தார்கள். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலைப் பதிப்பில் ‘கொ’வும் ‘சௌ’வும் தகராறில்லாமல் உட்காருகின்றன. பெட்டிகளைச் சங்கிலியாக இணைக்கலாம். 14-ஆம் பக்கத்தில் ஒரு பத்தியை வெட்டினால் 15, 16 தாமாக மேலேறிவிடும். எழுத்து பெட்டிக்குள் அடங்காவிட்டால் வலது கீழ் மூலையில் சின்னப் பெருக்கல் குறி தெரியும். பிடிஎஃப் எடுக்கும் முன் தரம் குறைந்த படம், அடங்காத எழுத்து எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. கறுப்பைக் கறுப்பு மையில் மட்டும் வைக்கலாம்.

குறைகளும் உண்டு. இடைமுகம் இருபது வருடம் பழையதாகத் தெரிகிறது. நீளமான கட்டுரையில் ஒரு எழுத்தை மாற்றினால் திரை யோசித்துத்தான் நகரும். ஒரு கோப்பில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஆகவே ஃபாரம் வாரியாக நாலு கோப்பாகப் பிரித்துக்கொண்டோம். கற்றுக்கொள்ள ஒரு வாரப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை ஒருவருக்கு இருந்தாலே குழு பிழைத்துக்கொள்ளும்.

அடோபி இன்டிசைன் இவை இரண்டையும்விட மேலான கருவி என்பதில் சந்தேகமில்லை. 2012-இல் வந்த சிஎஸ்6 முதலே இந்திய மொழிகளைக் கையாளுகிறது. ஆனால் ‘வேர்ல்டு ரெடி’ என்ற பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதால் ஆண்டுக்கு ஒரு மலர் போடும் கல்லூரிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பேஜ்மேக்கர் இன்னும் சில டிடிபி கடைகளில் உயிரோடு இருக்கிறது. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. யூனிகோடு தமிழ் அதில் நடக்காது. அங்கே கொடுத்தால் மறுபடியும் பாமினிக்கோ வேறு பழைய எழுத்துருவுக்கோ மாற்றி, மெய்ப்பையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் ஏ4-இல் மூன்று பத்தி வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இரு ஓரமும் சமன் செய்தால் நடுவில் ஓட்டை விழும். நாளிதழ்கள் கோடு போடாமலே சொல்லை எழுத்துக்கு எழுத்து உடைத்துச் சமாளிக்கின்றன. மலருக்கு இரண்டு பத்தி, ஒற்றெழுத்தில் வரி தொடங்காத கவனம், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு, இவை போதும்.

மெய்ப்பு

திருத்தம் முழுவதும் கூகுள் டாக்ஸில் ‘சஜஸ்டிங்’ முறையில் நடந்தது. யார் எதை மாற்றினார் என்பது நிறத்தில் தெரிவதால் சண்டை குறைவு. எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி என்ற இணையத் திருத்திகள் பெரிய உதவி. ‘அதை பார்த்தான்’ என்று இருந்தால் ஒற்று மிகும் என்று நாவி சுட்டிக்காட்டுகிறது. பெயர்ச்சொற்களையும் வட்டார வழக்கையும் பிழை என்று சொல்லும்போது சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை. முக்கியமான விதி ஒன்று: ஸ்கிரைபஸுக்குப் போன பிறகு டாக்ஸில் யாரும் கைவைக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் திருத்தினால் எது கடைசிப் பிரதி என்று ஆண்டவனுக்கே தெரியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அழைக்காமலே வந்துவிட்டன. நீர் மேலாண்மை பற்றிய கட்டுரையும் நட்பு பற்றிய கட்டுரையும் ஒரே நடையில், ஒரே மாதிரி மூன்று மூன்று அடுக்காக வந்தபோது புரிந்தது. ஆங்கில ஆண்டறிக்கையை முதல் வரைவாகத் தமிழாக்க அவை உதவின. அதையும் திருப்பி எழுதத்தான் வேண்டியிருந்தது. மாணவர் படைப்புக்கு அவற்றை அனுமதித்தால் மலர் போடுவதற்கே காரணம் இருக்காது.

கடைசிக் கைமாற்றம்

“சார், ஓப்பன் ஃபைல் இருந்தா அனுப்புங்க” என்பார்கள் அச்சகத்தில். கொடுக்காதீர்கள். அங்கே அந்த மென்பொருளோ எழுத்துருவோ இல்லாவிட்டால் வேறொன்றைப் போட்டுத் திறப்பார்கள், தமிழ் சிதறும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப், நாலு புறமும் 3 மில்லிமீட்டர் கட்டிங் மிச்சம், இவ்வளவு போதும். மலரில் கியூஆர் குறி போடுவதானால் முகவரியை நேரடியாக அடக்கும் நிலையான குறியாகப் போடுங்கள். இலவசத் தளங்கள் தங்கள் வழியாகத் திருப்பிவிடும் குறிகளைத் தந்துவிட்டுச் சில மாதத்தில் காசு கேட்கும். நூலகத்தில் இருக்கும் மலரில் அதை மாற்ற முடியாது.

தீர்ப்பு: பத்துக்கு ஸ்கிரைபஸ் எட்டு, கூகுள் டாக்ஸ் எட்டு, கேன்வா அட்டைக்கு ஒன்பது, உள்பக்கத்துக்கு நாலு. குரல் தட்டச்சு ஆறு. மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம். நிதி இருந்தால் பிளேட் போடும் முன் வண்ண ஃபாரத்தை மட்டும் டிஜிட்டல் அச்சில் ஒரு படி எடுத்துப் பார்க்கச் செலவழியுங்கள். திரையில் யார் கண்ணுக்கும் படாத தவறுகள் தாளில் முதல் புரட்டலிலேயே தெரிந்துவிடும், அப்போது திருத்தினால் செலவு ஒரு படியோடு போகும்.