பைடெசராக்ட்: பக்கத்துக்கு ஒரு ஜீப்

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை உரையாக மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது பைடெசராக்ட். ராசிங்காபுரம் வீட்டில் அப்பா விட்டுப்போன பழைய அச்சுப் புத்தகங்களுக்காக நானும் அதில்தான் தொடங்கினேன். நல்ல கருவிதான். ஆனால் உள்ளே அது என்ன செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

டெசராக்ட் 1980களில் எச்பியில் பிறந்து, 2005-ல் திறமூலமான சி++ எஞ்சின். பைடெசராக்ட் அதன் லைப்ரரியைத் தொடுவதே இல்லை. படத்தைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, டெசராக்டைத் தனிப் பிராசஸாக ஓட்டி, அது எழுதிவைத்ததைப் படித்துத் தருகிறது. அடுத்த பக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து, தமிழ் மாடலை ஏற்றுவது உட்பட. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப்பில் ஒரே ஒரு ஆளை ஏற்றிப்போய், ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஜீப்பைக் காயலான் கடையில் போடுகிற மாதிரி. அதன் விளக்கக் குறிப்பு தன்னை 'ரேப்பர்' என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்கிறது. படங்களின் பட்டியலைக் கொடுத்து ஒரே ஓட்டத்தில் முடிக்கவும் வழி வைத்திருக்கிறது. 'பைண்டிங்' என்று எழுதிப் பரப்பியது நாம்தான்.

சரி, நேரடியாக சி இடைமுகத்தையே கூப்பிடலாம்னு சிடைப்ஸில் எழுதினேன். முதல் ஓட்டமே செக்மென்டேஷன் ஃபால்ட். திரும்பி வருவது என்ன வகை என்று சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் பாயின்டரில் பாதி போய்விடும். எழுத்துச் சரம் என்று சொன்னாலோ, நகலெடுத்துக்கொண்டு பாயின்டரைத் தொலைத்துவிடும். டெசராக்ட் ஒதுக்கிய இடத்தை அப்புறம் எதை வைத்து விடுவிப்பது? வெறும் முகவரியாக வாங்கி, நாமே நகலெடுத்து, நாமே விடுவிக்க வேண்டும்.

இது சில கிலோபைட் சமாச்சாரம். என்னைக் கவிழ்த்தது படம். ஒரு ஏ4 வண்ணப் பக்கம் 300 டிபிஐயில் லெப்டோனிகாவுக்குள் சுமார் 35 எம்பி. பக்கம் முடிந்ததும் அதை விடுவிக்கிற ஒரு வரியை மறந்துவிட்டு, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். 8 ஜிபி மடிக்கணினி. இருநூறு பக்கம் வருமுன்னே லினக்ஸ் அந்தப் பிராசஸைக் கொன்றுவிட்டது. முடிவுகளைக் கடைசியில் மொத்தமாக எழுதுகிற மாதிரி வைத்திருந்ததால் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பைத்தானின் குப்பை சேகரிப்பான் சி பக்கம் எட்டிப்பார்க்காது. தெரிந்த விஷயம்தான். தெரிந்தே பட்டேன்.

இப்போது டெசரோசிஆர். சைத்தானில் எழுதிய உண்மையான பைண்டிங். மாடலை ஒரே தடவை ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகக் கொடுக்கலாம். விடுவிக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நிறுவுவதுதான் தலைவலி. அதோடு சி++ பக்கம் கவிழ்ந்தால் பைத்தானும் சேர்ந்து கவிழும். பைடெசராக்டில் சாவது அந்தத் தனிப் பிராசஸ் மட்டும்; நமக்கு ஒரு எக்ஸெப்ஷன் வரும், அவ்வளவுதான். நாலு ரசீது, பத்துப் பக்கம் என்றால் இன்றைக்கும் அதையே எடுப்பேன். புத்தகத்துக்கு மாட்டேன்.

எதில் ஓட்டினாலும் எஞ்சின் ஒன்றுதானே. 1978-க்கு முந்தைய, தும்பிக்கை வைத்த லை, னைகளை இன்னும் கையால்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.