தரகு போக மிஞ்சுவது

பணம் போடுவதைப் பற்றிய நூலுக்கு அறிவியல் ஏட்டில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். ஜான் போகல் 2007-ல் வெளியிட்ட ‘தி லிட்டில் புக் ஆஃப் காமன் சென்ஸ் இன்வெஸ்டிங்’ ஆரூடம் சொல்லும் நூலன்று. சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்றை முன்வைக்கிறது. எந்தப் பங்கு ஏறும் என்று தேடித் தவிப்பவர்களைவிட, சந்தைக் குறியீட்டிலுள்ள எல்லாப் பங்குகளையும் அதே விகிதத்தில், குறைந்த செலவில் வாங்கி வைத்திருப்பவர் நீண்ட காலத்தில் பெரும்பாலும் முந்துவார் என்பதே அது.

இதன் அடிப்படைக் கணக்கை வில்லியம் ஷார்ப் 1991-ல் தெளிவாக எழுதினார். நம் பக்கத்துக் கணக்காகவே அதைச் சொல்லிவிடலாம். வருசநாட்டில் ஓர் இலவந்தோப்பின் பஞ்சைப் பத்துப் பேர் பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரிக்கு மேல் கிடைத்தால் வேறொருவருக்குக் குறைந்தே தீரும். ஒன்பது பேர் ஆளுக்கொரு தரகரை அமர்த்தி, ஒவ்வொரு மூட்டை கூலி தருகிறார்கள். பத்தாமவர் தரகரின்றிச் சராசரிப் பங்கை எடுத்துக்கொள்கிறார். ஒன்பது பேரின் சராசரி, பத்தாமவரின் பங்கைவிடச் சரியாக ஒரு மூட்டை குறைவு! தரகர்கள் திறமைசாலிகளா என்ற கேள்வியே இங்கு எழவில்லை, பாருங்கள்.

அந்த ஒரு மூட்டை அற்பமன்று. 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால் 30 ஆண்டில் சுமார் 17.45 லட்சம். செலவு 2 விழுக்காட்டை விழுங்கினால் 10.06 லட்சம்தான். பென்சில் எடுத்துச் சரிபார்க்கலாம்.

சான்றுகளும் உண்டு. ஆல்ஃபிரட் கவுல்ஸ் என்பவர் சந்தை ஆரூடக்காரர்களின் கணிப்புகளை ஆராய்ந்து, அவை சராசரியை மிஞ்சவில்லை என்று 1933-லேயே காட்டினார். வாரன் பஃபெட் 2008 முதல் 2017 வரை நடத்திய பந்தயத்தில், அமெரிக்கக் குறியீட்டு நிதி ஒன்று 125.8 விழுக்காடு வளர்ந்தது. எதிர்த்தரப்பினர் தேர்ந்தெடுத்த ஐந்து நிதிகளும் பின்தங்கின.

நம் நாட்டிலோ அளவுகோலிலேயே கோளாறு இருந்தது. நிதிகள் ஈவுத்தொகை சேர்ந்த தம் வளர்ச்சியை, ஈவுத்தொகை சேராத குறியீட்டோடு ஒப்பிட்டு மார்தட்டி வந்தன. படிக்கல்லைக் குறைத்துவிட்டு நிறுப்பது போன்ற வேலை! ஈவுத்தொகையையும் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி முதல் விதித்தது.

ஆனால் போகலின் சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. வென்ற நாட்டின் வரலாறு அது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. சராசரியை வாங்கியவருக்குச் சராசரி கிடைக்கும். அச்சராசரி ஏறியே தீரும் என்று ஷார்ப்பின் கணக்கு சொல்லவில்லை. இந்த இரண்டையும் நூல் போதிய அளவு பிரித்துக் காட்டவில்லை என்பதே நம் குறை.

‘நீண்ட காலம்’ என்ற சொல்லையும் மாதச் சம்பளக்காரர் போல மானாவாரிக் குடியானவர் எளிதில் சொல்லிவிட முடியாது. பஞ்சு விற்ற பணம் ஒரே தவணையில் வருகிறது. மழை பொய்த்தால் கிணற்றை ஆழப்படுத்த உடனே தேவைப்படுகிறது. 2008 ஜனவரித் தொடக்கத்தில் நிஃப்டி குறியீட்டில் போட்டு, அக்டோபர் இறுதியில் எடுக்க நேர்ந்தவருக்குப் பாதிகூடத் தேறியிராது. கிணற்றுக்கான பணம் அஞ்சலகத்திலேயே இருக்கட்டும். பதினைந்து ஆண்டுக்குக் கைவைக்க வேண்டாத பணம் உள்ளவர், செலவைப் பற்றிய அத்தியாயங்களை இரண்டு முறை படிக்கலாம்.