இறுவட்டுப் படங்களின் மீட்சி

டி.வி.டி. இறுவட்டிலுள்ள பழைய திரைப்படம் ஒன்றைக் கணினித் திரையிற் காணுங்கால், நடப்பவர் கையும் ஓடும் வண்டியும் சீப்பின் பற்கள்போலக் கிழிபட்டுத் தோன்றுவதுண்டு. படம் பழுதுற்றதென முடிவுசெய்து, அப்பற்களை மழுக்குவதையே மீட்சி எனக் கொள்வார் பலர். திரைப்படங்களைப் பொறுத்தவரை அம்முடிவு பெரும்பாலும் தவறானது.

'பால்' என வழங்கும் ஒளிபரப்பு முறையில் செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் உள. ஒவ்வொன்றின் 576 வரிகளும் ஒற்றை, இரட்டை என 288 வீதம் இரண்டு அரைப்படங்களாகப் பகுக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும். செக்கனுக்கு 24 சட்டமாக எடுத்த பிலிமைச் சிறிது விரைவாக ஓட்டி, சட்டம் ஒன்றிலிருந்து இரண்டு அரைப்படங்களைப் பெறுவர். இவ்விரண்டும் ஒரே கணத்துக்குரியன. ஆயின் இணைப்பு ஓர் அரைப்படம் தள்ளி அமையுமாயின், ஒரு சட்டத்தின் பிற்பாதியும் அடுத்ததன் முற்பாதியும் சேர்ந்து ஒரு படமாகிவிடும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் இப்பிழை தெரியவில்லை; அஃது அரைப்படங்களை வரிசைப்படியே காட்டிற்று. முழுச்சட்டத்தையும் ஒருங்கே காட்டும் தட்டைத் திரையே அதனை வெளிப்படுத்தியது.

எனவே இஃது ஏடு மாறிக் கோத்த சுவடியை ஒத்தது. எழுத்து அழியவில்லை, கோவையே பிறழ்ந்தது. கோவையைத் திருத்தாது, ஒன்றுவிட்டு ஒன்றாக ஏடுகளை எறிந்து இடையைக் கற்பனையால் நிரப்புவாரை யார் பதிப்பாசிரியர் என்பர்? ஓர் அரைப்படத்தை நீக்கி, அதன் வரிகளை அயல்வரிகளிலிருந்து ஊகிக்கும் முறை செய்வது அதுவே. இரண்டையும் கலந்துவிடும் முறையோ இன்னுங் கொடிது. நகரும் உருவோடு ஆவிபோல் ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதனைப் பிரித்தல் அரிது. வேறு நற்பிரதி கிடையாத படமாயின் இழப்பு நிரந்தரமாகும்.

'அவிசிந்த்' மென்பொருளில் வழங்கும் 'ரி.எவ்.எம்.' என்னுங் கருவி, ஒவ்வோர் அரைப்படத்துக்கும் உரிய துணையை அயற்சட்டங்களில் தேடிப் பொருத்துகின்றது. முறை நன்று. எனினும், பொருத்திய பின்னும் பற்கள் உளவெனக் கருதுமிடத்து ஊகத்தால் நிரப்புதலும் அதன் இயல்பு. கோடிட்ட சட்டையையும் ஓட்டுக் கூரையையும் பற்களென மயங்கி, நல்ல சட்டத்தையே அது மழுக்கக் கூடும். விளைவைக் கண்ணாற் சரிபாராது விடுதல் தகாது.

மீட்சிக்கும் எல்லையுண்டு. பிறழ்ந்த இணைகளை முழுச்சட்டங்களாகவே கொண்டு சுருக்கிப் பதிந்திருப்பின், இரு கணங்களின் நிறங்கள் ஒன்றிற் கலந்துவிடும். ஒளிக்கூறு மீளும், நிறம் முற்றாக மீளாது. தொலைக்காட்சிக் கமரா செக்கனுக்கு 50 வெவ்வேறு கணங்களாக எடுத்த நிகழ்ச்சியிலோ, மீட்கவேண்டிய முழுச்சட்டமே இல்லை. அங்கே துணைதேடுவது வீண். ஆதலின் எக்கருவியையும் ஏவுமுன், அசைவுள்ள காட்சி ஒன்றின் அரைப்படங்களைத் தனித்தனியே பிரித்து நோக்கல் வேண்டும். ஒவ்வொன்றிலும் உருவம் இடம்பெயரின் அது வீடியோ. இரண்டிரண்டாக நின்று பெயரின் பிலிம். அவ்விணை சட்டத்தின் முதற் பாதியிலன்றி இரண்டாம் பாதியிலே தொடங்குமாயின், பிறழ்ச்சி அதுவே.