எத்தனை முறை சொல்வது?

நெட்ஃபிளிக்ஸில் 2019இல் வந்த ‘அன்பிலீவபிள்’ தொடரின் முதல் எபிசோடை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன். வன்முறைக் காட்சிகள் காரணமில்லை, அவை துண்டுதுண்டாகத்தான் வருகின்றன. பதினெட்டு வயது மேரியை ஆளாளுக்கு என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் வந்த போலீஸ்காரர், அப்புறம் துப்பறிவாளர், மருத்துவமனை, திரும்ப ஸ்டேஷன், கடைசியில் எழுதிக் கொடு. இத்தனை தடவை சொன்னால் எங்கேயாவது முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுகிறார்கள்.

2008இல் வாஷிங்டன் மாநிலத்தின் லின்வுட் நகரில் நிஜமாகவே நடந்தது இது. கென் ஆம்ஸ்ட்ராங்கும் டி. கிறிஸ்டியன் மில்லரும் 2015இல் எழுதி, மறு வருஷம் புலிட்சர் வாங்கிய கட்டுரைதான் தொடருக்கு மூலம். கட்டுரையில் என்னை உலுக்கிய இடம் வேறு. சந்தேகம் ஸ்டேஷனில் பிறக்கவில்லை. அவளை வளர்த்த அம்மாக்களில் ஒருவருக்கு, இவள் சொல்வது டிவி க்ரைம் சீரியல் கதை மாதிரி இருக்கே என்று தோன்றியிருக்கிறது. அவரே போலீஸுக்குப் போன் செய்கிறார். போலீஸ் அதற்காகவே காத்திருந்த மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவள் எப்படி அழ வேண்டும் என்று ஊருக்கே ஒரு கணக்கு இருக்கிறது, காக்கிக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

இரண்டாம் எபிசோடில் மெரிட் வீவர் நடிக்கும் துப்பறிவாளர் வருகிறார். குரல் உயராது, அவசரம் கிடையாது. எதிரே இருக்கும் பெண் அழாமல் நிதானமாகப் பேசுகிறாள். அந்த நிதானத்தை அவர் சந்தேகப்படுவதே இல்லை. பிரமாதமான நடிப்பு. ஆனால் எனக்குத் தொடரோடு சண்டையும் இங்கேதான். நல்ல துப்பறிவாளர் கிடைத்தால் நியாயம், கெட்டவர் கிடைத்தால் அநியாயம் என்று கதை சுருங்கிவிடுகிறது. உண்மையில் கொலராடோவில் வழக்குகள் இணைந்ததே ஒரு தற்செயல்தான். கோல்டன் நகரத் துப்பறிவாளர் தன் கேஸைப் பற்றி வீட்டில் சொல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் போலீஸில் இருந்த கணவர், எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கே என்றார். அவர் வேறு வேலை பார்த்திருந்தால்?

2011இல் ஆள் பிடிபட்டான். அவன் எடுத்த படங்களில் மேரியும் இருந்தாள். லின்வுட் போலீஸ் அவளைத் தேடிப் போய், பொய்ப்புகார் வழக்கில் அவள் கட்டிய 500 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான கவுன்சலிங் விவரத்தையும் கொடுத்தார்கள். இரண்டரை வருஷம் கழித்து.